ஒரே தோலில் வெட்டியவை

"ஒரு ஓட்ட போடணும் அண்ணே, அவ்வளவுதான்" என்று சொல்லி, அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பெல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுருண்டு கிடந்தே பழகிய பெல்ட். வைத்ததும் மெல்ல அவிழ்ந்து, பாதி வட்டத்தில் நின்றது. சோலைமுத்து அதைத் தொடவில்லை. தொடாமலேயே தெரிந்துவிட்டது. வளைகுடா நகரமொன்றின் பழைய பகுதியான தேராவில், லிஃப்ட் ஓடாமல் போய் இரண்டு வருடமான ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், இருபது வருடமாக அவன் வெட்டியும் தைத்தும் அனுப்பிய ஆயிரக்கணக்கான பெல்ட்டுகளில், இந்த ஒன்றின் நுனிப்பக்கத்தில் மட்டும்தான் அந்தத் தழும்பு மூன்றாம் பிறைபோலச் சாய்ந்து கிளம்பி, ஓரம்வரை ஓடி, ஓரத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். அறுந்த தழும்பின் மறுபாதி அவனுடைய இடுப்பிலிருந்த பெல்ட்டில், வெளியே விட்ட சட்டைக்கு அடியில், அந்த நிமிடம் அவன் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா?"

"எனக்க வீட்டுக்காரருக்கு. யான்புல இருந்து போன மாசம்தான் இஞ்ச வந்தாரு. வயித்துல ஆபரேசன். பழைய ஆளுல பாதிதான் இருக்காரு, பாத்துக்கிடுங்க." அவள் மூச்சு வாங்கினாள். நீல நர்ஸ் உடுப்பின் மேல் ஒரு கம்பளிச் சட்டை. டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள். "எங்க ரூமுக்குக் கீழேயே ஒரு பட்டாணிக்காரன் செருப்பு தைக்கியான். ரெண்டு நிமிசத்துல குத்தித் தருவான். இவரு சம்மதிக்கல்ல. தேராவுல ரிபாய் கடையிலதான் போடணுமாம், வேற ஒருத்தன் கை படப்பிடாதாம். பெத்த பிள்ளையள விட இந்தப் பெல்ட்டு மேலதான் பாசம்" என்று சிரித்தாள்.

சோலைமுத்து அப்போதுதான் பெல்ட்டைக் கையில் எடுத்தான். தோல் பொய் சொல்லாது. ஐந்து துளைகளில் இரண்டாவதில் ஆழமான மடிப்பு: யான்புவின் சுத்திகரிப்பு ஆலையில் நன்றாகத் தின்று, நன்றாக உழைத்து, வயிறு சற்றே முன்வந்திருந்த வருடங்கள். நான்காவதில் மெல்லிய மடிப்பு: ஏதோ தொடங்கிவிட்டது. ஐந்தாவதில் புதிய மடிப்பு, அதற்கும் உள்ளே ஆணியை வைத்து அடித்த ஒரு கோணல் துளை. அதை அடித்தவன் அவளுடைய கணவன் ஜஸ்டஸ்தான்; வேறொருவன் கையில் கொடுக்காமல் தானே அடித்திருக்கிறான். பதினொரு வருடமாக ஒரு சொல்கூட வராத மனிதனின் வாழ்க்கை முழுவதும் ஒன்றேகால் அங்குல அகலத்தில் அவன் உள்ளங்கையில் கிடந்தது.

அவன் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். துளை குத்தும் பஞ்ச்சை எடுத்து, மரக்கட்டையில் பெல்ட்டை வைத்து, ஒரே அடி. அவன் செய்யவில்லை.

"அவரே வரணும்மா" என்றான். "இடுப்புல வெச்சு அளவு பாத்தாத்தான் போட முடியும்."

"ஒரு ஓட்டைக்கா?"

"இந்தக் கடையோட வழக்கம்மா." கடிகாரத்துக்குக் கீழே தொங்கிய அட்டையைக் காட்டினான். தமிழிலும் உருதுவிலும் கையால் எழுதியிருந்தது: ஆள் வந்தாத்தான் பொருள். "சனிக்கிழமையோட கடை மூடுறோம். கட்டடத்த இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள கூட்டிட்டு வாங்க."

மேல்தட்டிலிருந்த ரசீதுப் புத்தகத்தை எட்டி எடுத்தான். அவள் பெயரையும் போன் எண்ணையும் கேட்டு எழுதினான். லீமா. அந்தப் பெயர் அவனுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். ரசீதைப் பெற்றுக்கொண்டவள் உடனே போகவில்லை. ஏதோ கேட்க வந்ததுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு பெல்ட்டை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அந்த அட்டை தொங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்தக் கடைக்கே ஒரு வரலாறு உண்டு. எந்தப் பெயர்ப்பலகையிலும் எழுதப்படாத வரலாறு. பலகை சொல்வதெல்லாம் பெல்ட், பை, செருப்புப் பழுது, அவ்வளவுதான். வாணியம்பாடியிலிருந்து ஒரு மூட்டை எருமைத் தோலோடு வந்து முகம்மது ரிபாய் கடை திறந்தது தொண்ணூற்று நான்கில். மூன்று வருடம் கழித்து அஹ்சன் என்றொரு லாரி ஓட்டுநர், சியால்கோட்டுக்காரர், இரண்டு கைக்கடிகார வார் செய்ய வேண்டும் என்று வந்தார். நல்ல தோலையெல்லாம் தள்ளிவிட்டு, மூலையில் கழிவென்று ஒதுக்கியிருந்த ஒரு தோலைத் தூக்கினார். முள்வேலியில் கிழித்துக்கொண்டு ஆறிய தழும்பு அதில் நீளமாக ஓடியது. இரண்டு வாரையும் இந்தத் தழும்பின் குறுக்கே பக்கத்தில் பக்கத்தில் வெட்ட வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று இன்னொருவருக்கு. தனித்தனியே பார்த்தால் வெறும் குறை, சேர்த்து வைத்தால் ஒரே கோடு. இதைச் சொல்லிவிட்டு அவர் தலைகுனிந்து நின்றார். ரிபாய் அந்த முகத்தைப் பார்த்தார். அதே முகம் அவர் வீட்டிலேயே ஒரு காலத்தில் இருந்தது. அவருடைய தம்பி முகம்மது யூசுப். ஒருவனை நேசித்ததற்காக அறையில் பூட்டி, அடித்து, நிக்காஹ் முடித்து வைத்தார்கள், பூட்டியவர் ரிபாய்தான். நிக்காஹ் நடந்த வாரத்திலேயே ரயில் ஏறிப் போன யூசுப் இன்றுவரை திரும்பவில்லை.

ரிபாய் வார்களை வெட்டிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தார்கள். விளம்பரம் இல்லை, அடையாளம் இல்லை. வாய்வழியாக, ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்குச் சென்று சேர்ந்தார்கள். முடிதிருத்தும் பிலிப்பினோக்காரர் வந்தார். எகிப்துக்காரக் கணக்கர் வந்தார். ஒரே தோலில் இரண்டு கைப்பை வார் வெட்டச் சொல்லி இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள். மற்றக் கடைகள் குறையென்று தள்ளிய தோலையெல்லாம் ரிபாய் தேடித் தேடி வரவழைத்துப் பின்னறைச் சுவரில் தொங்கவிட்டார். உள்ளே வருகிறவரிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எந்தத் தழும்பு?" மோதிரம் மாற்ற அவர்களுக்கு ஒரு மேடை கிடையாது. வாழ்த்துச் சொல்ல ஒரு சுற்றம் கிடையாது. பெயரைச் சேர்த்தெழுத உலகத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு பதிவேடு கிடையாது. பிடிபட்டால் சிறை, தப்பினால் நாடுகடத்தும் விமானம், ஊருக்குப் போனால் அங்கே அதைவிடக் கொடிய சிறையாகச் சொந்த வீடு. காயம்பட்ட ஒரு விலங்குக்கு ஆறிக்கொள்ள இந்த உலகம் கொடுத்த அனுமதியைக்கூட அந்த மனிதர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே அந்த விலங்கின் தழும்பையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள்.

சோலைமுத்து அந்தக் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஐந்தில். திண்டுக்கல் பக்கம் தோல் தொட்ட குடும்பம்; தொட்டதற்காகவே டீக்கடையில் தனிக் குவளை. அந்தக் குவளையை மறக்கத்தான் சித்தாள் விசாவில் விமானம் ஏறினான். சைட்டில் யாரிடமும் தொழில் தெரியும் என்று சொல்லவில்லை. பிய்ந்த சேப்டி ஷூவைத் தைக்கக் கொடுக்க வந்தவன், ரிபாய் ஊசி பிடித்த அழகைப் பார்க்கப் பொறுக்காமல் தானே வாங்கித் தைத்துவிட்டான். "இன்னாடா, எங்க கத்துக்கின?" என்றார் ரிபாய். "சும்மா பாத்ததுதான் பாய்" என்றான். "பொய் சொல்றதுன்னா வெளியே போய்ச் சொல்லு. இங்க ஒக்காந்தா ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று ஒரு முக்காலியைத் தள்ளினார். எந்தத் தோலுக்காகத் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டானோ, அந்தத் தோலோடு அவன் முதன்முதலாக ஒரு கூரைக்குக் கீழே தலை நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் ஒளித்து வைத்திருந்தது அது ஒன்றை மட்டுமல்ல என்பது ரிபாய்க்கு அன்றே தெரிந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை.

மறு வருடமே அந்தப் பிழை நடந்தது. அஹ்சன் தைப்பு விட்டுப்போன இரண்டு வார்களையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவருக்கு வேலை என்று அறைத்தோழன் ஒருவன் ரசீதோடு வந்தான். பாவம், அலையாமல் இருக்கட்டும் என்று, சோலைமுத்து இரண்டு வாரையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினான். வழியில் உறையைத் திறந்து, இரண்டு வாரின் தழும்பும் சேர்வதைப் பார்த்தவன் அறையில் சிரித்தான். சிரிப்பு கேம்ப்புக்குப் போனது. கேம்ப்பிலிருந்து, விசா கொடுத்த முதலாளியான கபீலுக்குப் போனது. ஒரு வாரத்தில் அஹ்சனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இன்னொரு வாருக்கு உரியவர் யாரென்று கடைசிவரை அவர் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ரிபாய் சோலைமுத்துவைத் திட்டவில்லை. அன்று மாலை ஒரு அட்டையை எடுத்து மூன்று சொற்களில் அடங்கும் அந்தச் சட்டத்தை எழுதிக் கடிகாரத்துக்குக் கீழே தொங்கவிட்டார்.

ஜஸ்டஸ் வந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். ஜெபல் அலியில் குழாய் வெல்டர், குமரிக் கடற்கரைக்காரன். நெருப்புப் பொறியில் கருகிப்போன தோல் கையுறைகளை மேசையில் எறிந்து, "எடே, இத எனக்க கை வேகாத மாதிரி தச்சுத் தா" என்று அதட்டினான். ஆறு மாதத்தில் அந்தக் கையுறை ஒன்பது முறை கிழிந்தது. ஒன்பதாவது முறை சோலைமுத்து அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வெந்தது இல்ல, பிளேடால கீறுனது" என்றான். ஜஸ்டஸ் காது சிவக்கச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் அப்ராவில் ஏறுவார்கள். ஓடையைக் கடக்கும் அந்த மரப்படகில் இருபது பேர் தோளோடு தோள் இடித்துத்தான் உட்கார வேண்டும். படகோட்டியே நெருங்கு நெருங்கு என்று விரட்டுவான். உலகத்தில் அவர்களை நெருங்கி உட்காரச் சொன்ன ஒரே குரல் அந்தப் படகோட்டியின் குரல்தான். அக்கரை போய், இறங்காமல் இக்கரை வந்து, மறுபடி அக்கரை போய், நாலு தடவை, ஐந்து தடவை. இரண்டாயிரத்துப் பதிமூன்றில் பின்னறைச் சுவரிலிருந்த பிறைத் தழும்பைக் காட்டியவன் ஜஸ்டஸ்; வெட்டியவன் சோலைமுத்து. அடுத்த வருடம் எல்லை தாண்டி யான்புவில் வேலை வந்தது. அப்போது ஊரில் லீமா, இரண்டு குழந்தைகள். எவளோ ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்து ஆண்மகன் ஒருவனின் மானத்துக்குத் திரையாகத் தொங்கவிடுவதை இந்தச் சமுதாயம் திருமணம் என்கிறது. அந்தத் திரைக்கும் மூச்சு முட்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஜஸ்டஸ் நினைத்தான். அதனால்தான் போனான். "போன் வேண்டாம். பெல்ட்ட மட்டும் கழட்ட மாட்டேன்" என்றான். இருவரும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். இவன் காப்பாற்றியது மௌனத்தை. அவன் காப்பாற்றியது மேசையில் கிடக்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. வெள்ளி மதியம் பின்னறைச் சுவர் காலியாகிவிட்டிருந்தபோது, சோலைமுத்து தன் பெல்ட்டைக் கழற்றி வெட்டுப்பலகையில் மற்றதன் அருகே வைத்தான். தழும்பு சேரவில்லை. அணிந்து அணிந்து ஒன்று நீண்டிருந்தது, ஒன்று இறுகியிருந்தது. பிறையின் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஒரு விரற்கடை. சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் பக்கிள்கள் விலகும். அவன் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரிபாய் பின்னால் வந்து நின்றார். எழுபதைத் தாண்டிய மனிதர், மூட்டுவலி, அடுத்த வாரம் வாணியம்பாடி.

"ஒரு ஓட்ட போடறதுக்கு ஆள் எதுக்குடா?"

சோலைமுத்து தன் பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டத் தொடங்கினான்.

"அந்த அட்டை அவங்களக் காப்பாத்த வச்சது. நீ ஒனக்கு வச்சுக்கினே."

"இத்தன வருசம் ஒங்க சட்டத்தக் காப்பாத்தினேன் பாய். ஒரு தடவ அது என்னயக் காப்பாத்தக் கூடாதா? புதன்கிழமை நான் பார்டர் தாண்டி சோஹாருக்கு வேற கடை வேலைக்குப் போயிருவேன். எந்தக் கடை, எந்தத் தெரு, அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவ பாத்தாப் போதும்."

"வயிறு கிழிச்சுத் தச்ச மனுசன படி ஏத்துவியா?" ரிபாயின் குரல் தாழ்ந்தது. "நான்கூட என் தம்பியப் பாத்துக்கினே இருக்கணும்னுதான்டா பூட்டி வச்சேன். போன் பண்ணு. வந்து எடுத்துக்கினு போகச் சொல்லு. ஓட்ட எங்கன்னு அந்தம்மா சொல்லும்."

சோலைமுத்து ரசீதைப் பார்த்து எண்ணை அழுத்தினான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டூட்டியில் இருப்பாள். ஆள் வர வேண்டாம் அம்மா, நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினான். அனுப்பிய பிறகு போனை வெகுநேரம் கவிழ்த்து வைத்திருந்தான்.

சனிக்கிழமை, கடையில் முக்காலியும் கடிகாரமும் அட்டையும் மட்டும் மிச்சமிருந்த முற்பகலில், லீமா படியேறி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். சோலைமுத்து பெல்ட்டை எடுத்து நீட்டினான். "எங்க போடணும்னு சொல்லுங்கம்மா, போட்டுத் தர்றேன்."

அவள் வாங்கவில்லை. "கீழ இருக்காரு. எனக்க கூட வேலை செய்யிய லிஜிக்க கார வாங்கிட்டு வந்தேன். படி ஏறப்பிடாது, தையல் பிரியும். நீங்க எறங்கி வாங்க."

அவன் அட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணைக்கு ரசீதுப் புக்க எட்டி எடுத்தப்போ ஒங்க சட்டை ஏறுச்சு, இடுப்புல பெல்ட்டு தெரிஞ்சுது அண்ணே" என்றாள் லீமா. குரலில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. "பதினெட்டு வருசமா நர்ஸு வேல பாக்கியேன். தழும்பப் பாத்தா எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா டூட்டியில எனக்கு ஒரு ஊசி நேரா ஏறல்ல." அவள் கார்ச் சாவியை மறு கைக்கு மாற்றினாள். "எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். இப்ப சொல்லாண்டாம். வாங்க."

ரிபாய் பஞ்ச்சையும் சுத்தியலையும் மரக்கட்டையையும் எடுத்துச் சோலைமுத்துவின் கையில் திணித்தார்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. ஜஸ்டஸ் கால்களை நடைபாதையில் ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கன்னம் ஒட்டிய முகத்தில் கண் மட்டும் பழையது. இவர்களைச் சுற்றி நாயிஃப் சாலை வழக்கம்போல இரைந்தது. துணிப் பொதி ஏற்றிய தள்ளுவண்டிக்காரன் ஜல்தி ஜல்தி என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டு போனான்.

"அந்த அட்ட இப்பமும் தொங்குதா?" என்றான் ஜஸ்டஸ்.

"தொங்குது."

"அதான பாத்தேன். மறந்திருப்பியோன்னு ஒரு பயம் இருந்து."

சோலைமுத்து வேலை பார்க்கிறவனாகக் குனிந்தான். பெல்ட்டை எடுத்து, இரு கைகளையும் ஜஸ்டஸின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சுற்றி முன்னால் வாங்கினான். அந்த ஒரு கணம் அவன் நெற்றி ஜஸ்டஸின் மார்பெலும்பில் பட்டது. மருந்து வாசனைக்கு அடியில், கருகிய தோலின் வாசனை இன்னும் இருந்ததா, அல்லது அவனே அதை வரவழைத்துக்கொண்டானா? பட்டப்பகல். நூறு கண்கள். ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு மனிதர்கள் கட்டிக்கொண்டால் கல்லெறியக் காத்திருக்கும் உலகம், ஒருவன் அளவெடுக்கிறான் என்றால் வழிவிட்டுப் போகிறது. லீமா சாலையைப் பார்த்தபடி, இவர்களுக்கு முதுகு காட்டி நின்றாள். ஆனால் நகர்ந்து போகவில்லை. அவளுடைய கம்பளிச் சட்டையின் நிழல் இருவர்மேலும் விழுந்தது.

வயிற்றுத் தையலில் இடிக்காமல் பெல்ட்டை இழுத்து, ஆணித் துளையைத் தாண்டிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினான். பார்த்தான். நகம் தழும்பின் மேலேயே நின்றது.

ஆறிய இடத்தில் துளை போடக்கூடாது. போட்டால் முதல் இழுப்பிலேயே கிழியும். தாண்டிப் போட்டால் தையலில் இறுகும். வெளியே தள்ளிப் போட்டால் இடுப்பில் நிற்காது. அடிக்க எடுத்த பஞ்ச் கையில் கிடந்தது. சோலைமுத்து அதை மரக்கட்டைமேல் வைத்தான். ஜஸ்டஸின் பெல்ட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுவிட்டு, சட்டையைத் தூக்கித் தன்னுடைய பெல்ட்டை உருவினான். ஜஸ்டஸின் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். என்றைக்கும் மெலிந்தவனான சோலைமுத்துவின் பெல்ட். கடைசித் துளையில் அது வலிக்காமல், வழியாமல் நின்றது.

"லேய், ஒனக்க பேண்ட்டு விழுந்துரும்லே" என்றான் ஜஸ்டஸ். சிரிக்கப் போனவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"விழுந்தா விழட்டும். நாயிஃப் ரோட்டுல பாக்காத கூத்தா?" ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி சோலைமுத்து சொன்னான். "புதன்கிழமை சோஹார் போறேன். ஹார்பர் பக்கம் செருப்புக் கடை. கௌஸ் முகைதீன் கடைன்னு கேட்டாச் சொல்லுவாங்க."

ஜஸ்டஸ் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். லீமா திரும்பினாள். கணவனின் இடுப்பைப் பார்த்தாள், மற்றவன் கையில் பிடித்திருந்த கால்சட்டையைப் பார்த்தாள். "ஏறுங்க, வெயிலு" என்று மட்டும் சொல்லி, ஜஸ்டஸின் தலை இடிக்காமல் கதவின் மேல்விளிம்பில் தன் உள்ளங்கையை வைத்தாள். கார் கிளம்பியது. முனையில் ஒரு லாரிக்கு நின்றது, பிறகு திரும்பியது.

சோலைமுத்து படிக்கட்டின் இருட்டில் நின்று ஜஸ்டஸின் பெல்ட்டைத் தன் இடுப்பில் கோத்தான். ஆணித் துளை அவனுக்குச் சரியாக இருந்திருக்கும். அவன் இரண்டாவது துளையில், அந்த ஆழமான மடிப்பில் மாட்டினான். பெல்ட் அவனைவிடப் பெரிய வட்டமாக நின்றது. தோலுக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவே நோயில்லாத ஒரு மனிதனின் பருமன் காலியாக இருந்தது. மேலே ரிபாய் அட்டையைக் கழற்றட்டுமா என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். சோலைமுத்து அந்த இடைவெளிக்குள் கையை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினான்.